பார்க்க வந்தவரிடம் சொன்னது

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் எங்களுக்கு ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. கடைக்கு வருகிறவர் யாராவது கை தவறி ஒரு கண்ணாடிக் கிளாசை உடைத்துவிட்டால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே என் கணவர், "பரவாயில்லங்க, அத அந்த ஓரத்துல வச்சதே எங்க பிழைதான்" என்பார். உடைத்தவர் நிம்மதியாகப் போய்விடுவார். நான் மாநகர சபையில் கிளார்க் வேலை பார்க்கிறவள். கவுண்டருக்கு முன்னால் நிற்பவர்களிடம் வெடுக்கென்று பேசிப் பழகிய வாய். "நீங்க கடை வச்சிருக்கீங்களா, சண்டை தீர்க்கிற இணக்கசபை வச்சிருக்கீங்களா?" என்று கேலி செய்வேன். அதற்கும் சிரித்துவிட்டுப் போவார்.

அதே பணிவை எங்கள் ஒரே மகள் விஷயத்திலும் காட்டுவார். வீட்டுக்கு வந்தவர்கள், "உங்க பிள்ளைக்குப் பெரிய ஹோட்டல்ல வேலையாமே, இங்கிலீசு பிச்சு உதறுதாமே" என்று சொன்னால், "எங்கங்க, வாய்தான் நீளம். சொன்னா ஒன்னு கேக்கிறதில்ல" என்பார். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஆட்களில் யார்தான் சொல்லவில்லை? ஆமாம், என் பிள்ளை கெட்டிக்காரிதான் என்று ஒரு தாயோ தகப்பனோ வந்தவரிடம் சொல்லிவிட்டால் அது திமிர். கண்பட்டுவிடும் என்ற பயமும் உண்டு. ஆகவே வருகிறவர் பிள்ளையைத் தூக்கி வைப்பார், பெற்றவர்கள் இறக்கி வைப்பார்கள். பிள்ளை அறைக்குள் இருந்து முகத்தைச் சுளிக்கும். வந்தவரும் அதை நம்பியதில்லை, நாங்களும் நம்பிச் சொன்னதில்லை.

மகள் ஹோட்டல் வரவேற்பில் வேலை செய்தாள். அங்கே வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்களை அம்பிட்டியவுக்கு மேலே இருந்த ஒரு குதிரைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பி வைப்பது அவள் வேலைகளில் ஒன்று. அனுப்பி அனுப்பி அவளுக்கே ஆசை வந்துவிட்டது. லீவு நாட்களில் தானும் போய்ப் பழக ஆரம்பித்தாள். "நம்ம பரம்பரையில மாட்டு வண்டியில கூட ஒழுங்கா ஏறினவங்க இல்ல, உனக்கு ஏன்டி குதிரை?" என்று கேட்டேன். "அதனாலதான்" என்றாள். அவள் அப்பா வழக்கம்போல இரண்டு பக்கமும் பேசினார். ஆனால் குதிரையின் மேல் அவள் இருக்கிற படத்தைக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் போனில் காட்டியது எனக்குத் தெரியும். காட்டிவிட்டு, "பாருங்க, இதுக்கு இருக்கிற கொழுப்ப" என்று சொல்வாராம்.

இரவுச் சாப்பாட்டின்போது எங்களுக்கும் பாடம் நடக்கும். குதிரைக்குச் சேணம் கட்டும்போது அது மூச்சை இழுத்து வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளுமாம். அப்போது வயிற்றைச் சுற்றிய வாரை எவ்வளவு இறுக்கினாலும் சரிவராதாம். ஒரு சுற்று நடந்ததும் வயிறு இறங்கி வார் தளர்ந்துவிடும், ஆகவே கட்டாயம் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டுமாம். "அத செய்யலன்னா சேணம் ஆளோட சேந்து சரிஞ்சுரும்" என்று தட்டைச் சாய்த்துக் காட்டினாள். சோற்றைக் கொட்டாமல் சாப்பிடு என்று நான் அதட்டினேன்.

அன்றைக்கு நடந்ததும் அதுதான். வேலிக்கு வெளியே சுற்றுலாக்காரர் கூட்டமொன்று முறைக்காகக் காத்து நின்றது. ஒரு சுற்று வந்ததும் மகள் குதிரையை நிறுத்தினாள். வேலையாள் ஒருவன் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, சேணம் அசைகிறது, வாரை இறுக்க வேண்டும் என்று பயிற்சியாளரிடம் சொன்னாள். "ஒன்னுமில்ல, போங்க. ஆக்கள் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றான் அவன். கற்றுக் கொடுப்பவன் சொல்கிறானே என்று போனாள். கீழ்ப்பக்க வளைவில் குதிரை ஓட்டமெடுத்தபோது சேணம் சரிந்து, வேலியோரத்துக் கல்லில் முதுகு அடிபட விழுந்தாள். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதைக் கேட்டு நான் அழவில்லை. அவள் காலுக்குப் போர்வை போட வேண்டும், குளிரும் என்றுதான் நினைத்தேன்.

சில நாட்கள் கழித்துப் பயிற்சிப் பள்ளியின் சொந்தக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வயதானவர். ஒரு பை நிறைய தோடம்பழமும் மால்ட் டின்னும் கொண்டுவந்திருந்தார். கூடவே அவருடைய மேனேஜர். பெரியவர் கட்டிலருகே வந்ததும் வார்டில் எல்லோரும் பார்க்க அழுதுவிட்டார். பொய் அழுகை இல்லை. நான் இன்றைக்கும் அந்த ஆளுக்கு அதை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்.

பார்க்க வந்தவர் அழுதால் என் கணவர் என்ன செய்வார்? கதிரையை இழுத்துப் போட்டார். கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு சிங்களத்தில் நடந்தது, ஆனால் தமிழில் சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். "அழாதீங்க மாத்தயா. நடக்கணும்னு இருந்தது நடந்துருச்சு, நீங்க என்ன செய்வீங்க? எங்க பிள்ளையும் கொஞ்சம் அவசரக்காரிதான். சொன்னா கேக்கிற பிள்ளை இல்ல." பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு நடந்ததன் முழு அளவு தெரிந்தது. எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, படி இறங்கிப் போகிற வீடு. ஒவ்வொரு கிளினிக் நாளுக்கும் அவள் அப்பாவும் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரும் சக்கர நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். மழை பெய்தால் படி வழுக்கும். அவள் தன் இரண்டு கைகளாலும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி வருவாள். ஹோட்டலில் அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பள்ளியிலிருந்து பிறகு ஒரு வார்த்தையும் வரவில்லை. நான்தான் வழக்குப் போட வேண்டும் என்று நின்றேன். கண்டியில் ஒரு லோயரைப் பிடித்தோம். பள்ளியில் சேருகிற நாளில் மகள் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்திருந்தாள், குதிரை ஏறுவதில் வரும் ஆபத்துக்கு நானே பொறுப்பு என்று. நான் பயந்தது அதற்குத்தான். லோயர் அதைத் தள்ளி வைத்துவிட்டார். "குதிரை மிரண்டா அது ஆபத்து. வார் தளர்ந்திருக்குன்னு சொல்லியும் இறுக்காம விட்டா அது கவனயீனம். கவனயீனத்த எந்தக் கையெழுத்தும் மூடாது" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "உங்களுக்கு இந்த வழக்குல முக்கியமா என்ன வேணும்?" என்று கேட்டார்.

அவள் யோசிக்கவே இல்லை. "எங்கயாவது ஒரு இடத்துல, நான் விழுந்தது என் பிழை இல்லன்னு எழுதியிருக்கணும் சார்."

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். வைத்தியம், தாதி, எங்களுக்குப் பின்னால் அவளை யார் பார்ப்பது என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தவள் நான். அவளுக்கு வேண்டியிருந்தது இந்த ஒன்றுதான்.

எதிர்த்தரப்பின் பதில் வந்ததும் லோயர் எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் மூவரும் இருக்க, தமிழில் விளக்கிச் சொன்னார். மனுதாரர் பயிற்சியாளர் சொல்லைக் கேட்காமல் குதிரையை விரட்டினார் என்று எழுதியிருந்தார்கள். அவர் அவசரப்படுகிறவர், சொன்னால் கேட்காதவர் என்று அவருடைய சொந்தத் தகப்பனாரே ஆஸ்பத்திரியில் ஏற்றுக்கொண்டார், பள்ளியின் மேல் பிழை இல்லை என்றும் சொன்னார், கேட்டதற்கு மேனேஜர் சாட்சி என்று அடுத்ததாக இருந்தது. குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் இதற்குள் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். வாரை இறுக்கச் சொன்னதைக் கேட்ட மூன்றாவது காது அதோடு போயிற்று.

என் கணவருடைய முகத்தை எனக்குப் பார்க்க முடியவில்லை. "அது... பார்க்க வந்தவங்ககிட்ட அப்படித்தானே சார் சொல்றது" என்றார். லோயரும் எங்கள் ஆள்தான். அவருக்கு அது விளங்கியது. "எனக்குத் தெரியுங்க. கோர்ட்டுக்கு எப்படி அத விளங்கப்படுத்துறது?" என்றார்.

மகள் சொன்னாள்: "நான் அன்னைக்கு முழிச்சுதான் இருந்தேன் சார். அப்பா சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். அத்தனை மாதமும் அதை வைத்துக்கொண்டு எங்களோடு சாப்பிட்டிருக்கிறாள், டிவி பார்த்திருக்கிறாள். பயிற்சியாளன் சொன்னதைக் கேட்டுப் போனதால் விழுந்தவளை, சொன்னால் கேட்காதவள் என்று பெற்றவரே சொல்ல, அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறாள். அவர் மேல் வந்த கோபத்தில் அன்றைக்கு நான் வீட்டில் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டார். காலையில் கடைக்குப் போகுமுன் அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவி விடுவது அவர் வேலை. முன்பெல்லாம் கடைக்கதை சொல்லிக்கொண்டே தேய்ப்பார். இப்போது தலையைக் குனிந்தபடி தேய்த்துவிட்டு எழுந்து போனார். அந்தக் காலுக்கு அவர் கை பட்டதும் தெரியாது. அவளாகவும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா, நீங்க உண்மையிலயே அப்படி நினைக்கிறீங்களா என்று கேட்டிருந்தால், இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு விநாடி போதும். கேட்கப் பயந்தாள் என்றுதான் நினைக்கிறேன். ஆமாம் என்ற பதில் வந்துவிட்டால் அதோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பது?

தவணைக்கு மேல் தவணை போய்க் கடைசியில் விசாரணை தொடங்கியது. முதலில் மகள். என் கணவர் அடுத்த சாட்சி என்பதால் அவர் வெளியே இருக்க வேண்டும், அது கோர்ட் சட்டம். நான் சாட்சி இல்லை, உள்ளே இருந்தேன். மகள் நாற்காலியில் இருந்தபடியே தமிழில் சாட்சி சொன்னாள். எங்கள் லோயர் கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னாள். வயிற்றை உப்ப வைக்கும் குதிரையைப் பற்றி அவள் விளக்கியபோது நீதிபதி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு எதிர்த்தரப்பு லோயர் எழுந்தார். அதட்டவே இல்லை, மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இப்படிச் சொன்னார், உங்களுக்குக் கேட்டதா என்றார். கேட்டது என்றாள். உங்கள் அப்பா எப்படிப்பட்டவர் என்றார். நல்லவர் என்றாள். அப்படியானால் அவர் அன்றைக்குச் சொன்னது உண்மையா, பொய்யா என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பவர் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்தாள். கதவுக்கு வெளியே அவர் வாங்கில் உட்கார்ந்திருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். 'பொய்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அதைத்தான் நான் மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பா பொய் சொல்ற ஆளில்ல" என்றாள்.

எதிர்த்தரப்பு லோயர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அத்தனை பேர் முன்னால் தன் தகப்பனைப் பொய்யர் என்று சொல்ல என் பிள்ளைக்கு வாய் வரவில்லை. தான் வேண்டும் என்று கேட்ட அந்த ஒரே ஒரு வரியைத் தன் வாயாலேயே அழித்துவிட்டாள்.

அன்றைக்கே என் கணவருடைய சாட்சியமும் நடந்திருந்தால் பரவாயில்லை. நேரமாகிவிட்டது என்று அடுத்த தவணை கொடுத்தார்கள். வெளியே வரும்போது லோயர் எங்கள் இருவரையும் நிறுத்தி, உள்ளே என்ன நடந்தது என்று என் கணவருக்கு ஒரு சொல்லும் சொல்லக்கூடாது, சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும், வழக்கே கெட்டுவிடும் என்றார். வீட்டுக்குப் போகும் வழியில், "பிள்ளை என்ன சொன்னா?" என்று அவர் என்னிடம் கேட்டார். "நல்லாத்தான் சொன்னா" என்றேன். பல வாரம் ஒரே கூரைக்குக் கீழே அதை விழுங்கிக்கொண்டிருந்தேன். சட்டத்துக்கென்ன, அது எங்கள் வீட்டிலா குடியிருக்கிறது?

அவருடைய தவணை வந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூண்டில் ஏறினார். வழக்காளி என்பதால் மகள் உள்ளேயே, எனக்குப் பக்கத்தில் இருந்தாள். எதிர்த்தரப்பு லோயர் அதே மரியாதையோடு அதே கேள்வியைக் கேட்டார், ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னீர்களா என்று. எங்கள் லோயர் அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்: ஒத்துக்கொள்ளுங்கள், வந்தவரை ஆறுதல்படுத்தச் சொன்ன பேச்சு அது, எங்கள் ஆட்களின் வழக்கம் என்று சொல்லுங்கள், அது போதும் என்று.

"சொன்னேன்" என்றார். நிறுத்தினார். லோயர் பக்கம் பார்க்கவில்லை, நீதிபதி பக்கமும் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "அது பொய்ங்க. நான் அந்த மாத்தயாகிட்ட பொய் சொன்னேன். என் பிள்ளை சொன்னா கேக்கிற பிள்ளை. சின்னதுல இருந்து நான் சொல்லி அவ கேக்காதது ஒன்னுமில்ல. ஊர்ல எல்லார்கிட்டயும் நான் அவளப் பத்திப் பொய்தான் சொல்லியிருக்கேன்."

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். எதிர்த்தரப்பு லோயர் இதற்காகவே காத்திருந்தவர் போல ஒரு கடதாசியை எடுத்தார். தன் அப்பா பொய் சொல்கிறவர் அல்ல என்று உங்கள் மகள் இந்த மன்றத்தில் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார், நீங்கள் சத்தியம் செய்து பொய் சொன்னேன் என்கிறீர்கள், உங்கள் இருவரில் யாரை மன்றம் நம்புவது என்று கேட்டார்.

அவள் சொன்னது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நீதிபதி இரண்டாம் முறை கேட்ட பிறகு, "அவளத்தான் நம்பணும்" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

தீர்ப்பு இந்த வருடம் வந்தது. தோற்றுப் போனோம். வாரை இறுக்கினேன் என்று பயிற்சியாளன் சாட்சி சொன்னதற்கு எதிராக மகளின் சொல் மட்டுமே இருக்கிறது, தகப்பனின் முதல் கூற்றை மகளே உண்மை என்று ஏற்றிருக்கிறாள், பிறகு தகப்பன் மாற்றிச் சொன்னது வழக்குக்காகச் சொன்னது என்று எழுதியிருந்தது. அவசரப்படுகிறவள், அறிவுறுத்தலைக் கேட்காதவள் என்ற சொற்களும் அந்தத் தீர்ப்பில் இருக்கின்றன. ஒரு இடத்தில் எழுதியிருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். எழுதிவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்றார் லோயர். போதும் சார் என்றாள்.

அன்றைக்கு வேன் ஒன்று பிடித்து வந்திருந்தோம். அவளைத் தூக்கி உட்கார வைத்தது அவர்தான். நான் அழுதுகொண்டிருந்தேன், மறைக்கவும் இல்லை. டவுனைத் தாண்டியதும் மகள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அப்பா, லோயர் சொல்லிக் கொடுத்த மாதிரி, ஆறுதலுக்குச் சொன்னேன்னு சொல்லியிருந்தா வழக்குல கொஞ்சமாவது கிடைச்சிருக்கும். ஏன்ப்பா பொய் சொன்னேன்னு சொன்னீங்க?"

"நான் கோர்ட்டுக்குச் சொல்லலம்மா" என்றார். "உனக்குத்தான் சொன்னேன்."

அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"அத வீட்டுலயே சொல்லியிருக்கலாமேப்பா."